வகுப்பில் சொன்ன தீர்ப்பு

ராசா, நீ போட்ட கார்டு நேற்று வந்தது. வீடு கிடைத்துவிட்டது, கோர்ட்டுக்கு நடந்தே போய்விடலாம், தண்ணீர் ருசியாக இருக்கிறது, சாப்பாட்டைத்தான் வாயில் வைக்க முடியவில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தாய். உன் அப்பாவுக்கு அது போதும். கார்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போயிருக்கிறார், மகன் முன்சீப் ஆன கதையை யாரிடமாவது ஆரம்பிக்கத்தான். எனக்குப் போதவில்லை. நான் தேடிய ஒரு விஷயம் அதில் இல்லை. அது இல்லாமல் போனதற்குக் காரணம் நான்தான் என்றும் தெரியும். அதனால் நேற்றிலிருந்து கோபமாக வருகிறது. யார் மேல் என்று கேட்காதே.

பஸ் கிளம்பப்போகிற நேரம் பார்த்துத்தானே அதைச் சொன்னாய்? பெட்டியை மேலே ஏற்றியாகிவிட்டது, கண்டக்டர் விசில் வாயில் வைத்துவிட்டார், அப்போது ஜன்னல் வழியாகக் குனிந்து, "அந்த ஊர் லா காலேஜுல சாயங்கால வகுப்பு எடுக்கச் சொல்லிக் கேக்குறாகம்மா, உன்னய மாதிரி நானும் எடுக்கலாம்னு இருக்கேன்" என்றாய். நான், "வேண்டாம்" என்றேன். அவ்வளவுதான். நீ "சரிம்மா" என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாய். வில்லாபுரத்து வீட்டு வாசலில் ரிக்‌ஷாவை விட்டு இறங்கியதும் உன் அப்பா, "ஒத்த வார்த்தையில டிஸ்மிஸ் பண்ணிட்டியே, காரணம் எழுத வேணாமா?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான் வினை. எந்த விடையைப் போட்டாலும் வழி எங்கே என்று கேட்பார்கள்.

சரி, காரணம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை, கரண்ட் இல்லை, விசிறி நின்றுவிட்டது. மாடியில் வடகம் காய்கிறது, ஒவ்வொரு பத்தியும் எழுதிவிட்டு எழுந்து போய்க் காக்கை விரட்டிவிட்டு வருகிறேன். காக்கை இல்லாவிட்டாலும் எழுந்திருப்பேன். கோடை விடுமுறைக்கு முன்னாலிருந்தே எனக்கு ஓர் இடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தே சம்பளம் வாங்குகிற ஒருத்திக்கு இது நல்லதில்லை.

நான் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தேன் என்று உனக்கு ஓரளவு தெரியும். கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கரிசல்காட்டு ஊர், அடுத்தவர் காட்டில் பருத்தி எடுக்கிற வீடு. உனக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஊர்க் கிணற்றில் எங்கள் ஆட்கள் வாளி விடக்கூடாது. உன் அம்மாச்சி குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பாள். யாராவது மனசு வந்து ஊற்றினால் உண்டு. நானும் பக்கத்தில் நிற்பேன். ஒருநாள் ஒருத்தரும் ஊற்றவில்லை, வெயில் ஏறிவிட்டது, அம்மா வெறுங்குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா, போவோம்" என்றாள். அந்த வெறுங்குடத்தை நான் இன்னும் இறக்கி வைக்கவில்லை. ஆசிரமத்துப் பள்ளிக்கூடம், விடுதிச் சோறு, சட்டப் படிப்பு, சீனியர் ஆபீஸில் வாய்தா மட்டும் வாங்கித் திரிந்த வருஷங்கள், "பொம்பள வக்கீலுக்கு எவன் கேஸ் குடுப்பான்" என்று காதுபடப் பேசிய குமாஸ்தாக்கள், எல்லாவற்றையும் தாண்டி முன்சீப் பரீட்சை எழுதியதற்கு அந்தக் குடமும் ஒரு காரணம். இதை யாரிடமும் சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன்.

முன்சீப்பாக ஊர் ஊராய்ச் சுற்றியபோது நீ சின்னப் பயல். எந்த ஊரிலும் பக்கத்து வீட்டில் உன்னைத் தோசை சாப்பிட விடமாட்டேன். அந்த வீட்டுக்காரர் நாளைக்கு என் கோர்ட்டில் வந்து நின்றால்? கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது. பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவர் பேசுவதைக் கேட்கவேண்டும், முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது. சிரிப்பு வந்தாலும் கேஸ் கட்டைப் புரட்டுகிற மாதிரிக் குனிந்துகொள்ள வேண்டும். மதுரைக்கு சப் ஜட்ஜாக வந்து, மேலே அனுமதி வாங்கிக்கொண்டு, சாயங்காலச் சட்ட வகுப்பு எடுக்கத் தொடங்கியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. அங்கே பேசலாம், சிரிக்கலாம், மேஜையைத் தட்டலாம். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள், மில்லில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள் எல்லோரும் அரைத் தூக்கத்தில் வந்து உட்காருவார்கள். முழித்திருக்க வைக்க நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புத்தகத்துக் கேஸ் வேண்டாம், உங்கள் வீட்டுச் சங்கதியையே, பேரை மாற்றிக் கொண்டுவாருங்கள் என்றேன். ஒருத்தர் சங்கதியைச் சொல்லவேண்டும், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாட வேண்டும், மணி அடிப்பதற்கு முன்னால் நான் தீர்ப்புச் சொல்வேன். கூரை பறக்கும் அந்தச் சத்தத்தில். மற்ற வகுப்புப் பிள்ளைகளெல்லாம் வராந்தாவில் வந்து நிற்பார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை, ராசா. கோர்ட்டில் என் தீர்ப்பைக் கேட்டு ஒருத்தன் கை தட்டியதுண்டா?

பாண்டி என்று ஒரு பையன். இங்கே ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, கல்லுப்பட்டிப் பக்கத்து ஊர்க்காரன், கூச்ச சுபாவம். அவன் முறை வந்தபோது எழுந்து, அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரே கிணறு என்று ஆரம்பித்தான். ஒருநாள் அண்ணனுக்கு, மறுநாள் தம்பிக்கு என்று தண்ணீர் முறை. அண்ணன் செத்துப்போகிறார். அண்ணன் பெண்டாட்டி மோட்டார் அறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொள்கிறாள். தம்பியின் பருத்தி காய்கிறது. சங்கதி அவ்வளவுதான். கிணறு, பூட்டு, தண்ணீர் இல்லை என்று கேட்ட மாத்திரத்தில் எனக்குள் அந்த வெறுங்குடம் ஆடத் தொடங்கிவிட்டது. பிள்ளைகள் வாதாடி முடிக்கக்கூட விடவில்லை. எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னேன். எத்தனை வருஷத்து வழக்கம், பொதுக் கிணறு என்பதற்கு அண்ணன் உயிரோடிருந்தபோது நடந்துகொண்ட விதமே சாட்சி, ஒருத்தர் செத்ததால் இன்னொருத்தர் வாய்க்கால் அடைபடாது என்று வரிசையாக அடுக்கி, "பூட்டை உடைங்கடா" என்று முடித்தேன். ஓ என்று ஒரே கூச்சல். பாண்டி மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தன் சங்கதி எடுபட்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சில மாதங்களில் அந்தக் கிணறு என் கோர்ட்டுக்கு வந்தது. பாகப்பிரிவினை வழக்கு, அதில் கிணறும் ஒன்று. பேரைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. விசாரணை தொடங்கிய அன்று வாதியின் வக்கீல் எழுந்து வழக்கை விளக்க ஆரம்பித்தார். எத்தனை வருஷத்து வழக்கம் என்றார். அண்ணன் உயிரோடிருந்தபோது நடந்துகொண்ட விதம் என்றார். மூன்றாவதாக வாய்க்கால் வரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வந்தது. என் வார்த்தையே, என் வரிசையே. நிமிர்ந்து பார்த்தால் வக்கீலுக்குப் பின்னால் கேஸ் கட்டுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பாண்டி நிற்கிறான், தலையைத் தொங்கப்போட்டபடி. வாதி அவனுடைய அப்பா. பையன் சூது செய்தான் என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை. வீட்டுச் சங்கதியைக் கொண்டுவா என்று சொன்னது நான். வீட்டில் எரிந்துகொண்டிருந்ததைக் கொண்டுவந்தான், டீச்சரம்மா சொன்ன பதிலைத் தன் வக்கீலிடம் போய்ச் சொன்னான். வேறு என்ன செய்வான்?

எதிர்ப்பக்கம் பெஞ்சில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வீராயி என்று பேர். என் வயசுதான் இருக்கும். நரைத்த தலையைத் தண்ணீர் தொட்டு வாரி, வெளுத்த சேலையை இழுத்துப் போர்த்தி, நான் எந்தப் பக்கம் பார்த்தாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் முகத்தில் என்ன தெரியப்போகிறது? அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவள் பூட்டை உடைக்கச் சொன்னவள் நான். அதுவும் கைதட்டலுக்கு நடுவில்.

வழக்கை நிறுத்தினேன். இரண்டு வக்கீல்களையும் எழுந்திருக்கச் சொல்லி, நிறைந்த கோர்ட்டில், இந்த வழக்கின் சங்கதியை நான் வகுப்பில் ஒரு பக்கமாகக் கேட்டிருக்கிறேன், அபிப்பிராயமும் சொல்லியிருக்கிறேன், ஆட்சேபணை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் என்றேன். டவாலிச் சேவகன் நடுவாசலில் அப்படியே நின்றுவிட்டான். வாதி வக்கீல் ஆட்சேபணை இல்லை என்றார், அவருக்கு ஏன் இருக்கும்? எதிர்த்தரப்பு வக்கீல் கொஞ்சம் யோசித்துத் தன் கட்சிக்காரரிடம் குனிந்து கேட்டார். அவள் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எழுந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"பள்ளிக்கூடத்துல அவுக பக்கத்தக் கேட்டீக. இங்கன எம்பக்கத்தயும் கேளுங்க தாயி. நீங்களே கேளுங்க. அந்தக் கெணறு வத்துன வருசம் எங்க வீட்டுக்காரரு..."

"உக்காரும்மா, அதெல்லாம் கூண்டுல ஏறிச் சொல்லலாம்" என்று அவளுடைய வக்கீல் கையைக் காட்டிவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, முறை அதுதான். அவள் உட்கார்ந்துவிட்டாள். நானும் வழக்கை அடுத்த நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கிணறு வற்றிய வருஷம் அவள் வீட்டுக்காரர் என்ன செய்தார்? நீயே சொல்லு பார்க்கலாம். தனி ஆளாக நின்று வெட்டி ஆழப்படுத்தினாரா? தம்பி ஒரு கை மண் அள்ள வரவில்லையா? அங்கே வெடி வைத்தபோது அடிபட்டுத்தான் செத்தாரா? இல்லை, இது ஒன்றுமே இல்லாமல் வேறு ஏதாவதா? வீட்டுக்கு வந்து சோறு போடும்போது உன் அப்பாவிடம் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டு, "நீயே கேளுன்னுதான அந்தம்மா சொல்லுது, கேட்டுட்டுப் போயேன்" என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்கோ புதுசாக ஒரு பயம் பிடித்துக்கொண்டது. முதலில் அவளுக்கு எதிராகச் சாய்ந்திருந்தேன். இப்போது வெட்கத்தில் அவள் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறேன். அவள் கூண்டில் ஏறி எதைச் சொன்னாலும் நான் நம்பிவிடுவேன், நான் நேர்மையானவள் என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. அப்படி ஒரு தீர்ப்பு எழுதினால் பாண்டியின் அப்பாவுக்கு நான் செய்வது என்ன? அவருக்கும் பருத்தி காயத்தானே செய்கிறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் தராசை என் கையே அமுக்கியது. மறுநாள் காலையில் வழக்கை வேறு கோர்ட்டுக்கு மாற்றும்படி மாவட்ட நீதிபதிக்கு எழுதிவிட்டேன். அவர் மாற்றிவிட்டார். வக்கீல்கள் பார் ரூமில் என்னைப் பாராட்டினார்களாம். சீனியர் ஒருவர் நேரிலேயே வந்து, இப்படி யாரம்மா செய்வாங்க என்றார். செய்தது சரிதான், ராசா. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

ஆனால் வழக்கு மாறுகிறது என்று கோர்ட்டில் அறிவித்த அன்று மத்தியானம் கோர்ட்டு விட்டு இறங்கும்போது அவள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். பக்கத்தில் யாரோ துணைக்கு வந்த பெண், இருவர் கையிலும் தூக்குச்சட்டி. கல்லுப்பட்டி பஸ்ஸுக்குக் கிளம்பாமல் எனக்காகவே நின்றிருக்கிறாள். கட்சிக்காரரோடு நான் பேசக்கூடாது. பார்க்காத மாதிரி ஆபீஸ் காரை நோக்கி நடந்தேன். டவாலி முன்னால் ஓடி அவளை விலகச் சொன்னான். அவள் விலகித்தான் நின்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

"அம்புட்டுத்தானா, தாயி?" என்றாள்.

நான் காரில் ஏறிக்கொண்டேன். அதிலிருந்துதான் இந்த இருப்புக்கொள்ளாமை. புது கோர்ட்டில் வழக்கு இன்னும் எடுக்கப்படவில்லை. விடுமுறை வந்துவிட்டது, திறந்த பிறகு வாய்தா மேல் வாய்தா. மோட்டார் அறைப் பூட்டு இன்னும் தொங்குகிறது. இருவர் காடும் காய்கிறது. அவளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்ல வந்து, பாதியில் நிற்கிறாள். இப்போது நான் கேட்கலாம், ஆனால் கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கேட்டால் ஆகக்கூடிய நாளில் நான் எழுந்து போய்விட்டேன்.

பாண்டி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான். ஆள் விட்டுக் கூப்பிட்டனுப்பினேன். வந்து கதவோரத்தில் நின்று அழத் தயாராக இருந்தான். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டு, "உன் பெரியம்மா பக்கம் என்னன்னு உனக்கே தெரியுமாடா?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியாதும்மா. பேச்சுவார்த்தை இல்ல. நாங்க யாரும் கேக்கலம்மா."

"நானும் கேக்கலயே" என்றேன். அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனிடம் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான், பாவம். மறுநாளிலிருந்து வகுப்புக்கு வருகிறான். வகுப்பும் மாறிவிட்டது. நடக்கிற வழக்கு எதையும் கொண்டுவரக்கூடாது. வீட்டுச் சங்கதியைக் கொண்டுவந்தால், கொண்டுவந்தவர் எதிர்க்கட்சிக்காகத்தான் பேசவேண்டும். கடைசியில் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. மணி அடிக்கும், எல்லோரும் என் வாயைப் பார்ப்பார்கள், நான் டஸ்டரை எடுத்துக் கரும்பலகையைத் துடைப்பேன். "சப்புனு போச்சு மேடம்" என்று மில்காரர் ஒருத்தர் முகத்துக்கு நேராகவே சொன்னார். வராந்தாவில் இப்போது யாரும் வந்து நிற்பதில்லை. எனக்கும் சப்பென்றுதான் இருக்கிறது. வகுப்பை விட்டுவிடலாமா என்று தினமும் ரிக்‌ஷாவில் யோசிக்கிறேன். கல்லூரி வாசல் வந்ததும் இறங்கி உள்ளே போய்விடுகிறேன்.

இதனால்தான் உன்னை வேண்டாம் என்றேன். காரணம் கேட்டால் இதோ, பத்தி பத்தியாக இருக்கிறது. இருபது ஆண்டுகள் காதைப் பழக்கிய நானே, கை தட்ட ஆள் கிடைத்ததும் அதை மூடிவைத்துவிட்டேன். நீ இப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். முதலில் கேட்டுப் பழகு. நல்லா பேசுகிற வக்கீலைவிட, பேசத் தெரியாமல் எழுந்து நிற்கிறவரைக் கவனி. யாராவது பாதி வாக்கியத்தில் கையமர்த்தப்பட்டு உட்கார்ந்தால், பெஞ்சு கிளார்க் அடுத்த கட்டை எடுத்து நீட்டினாலும், அந்த மிச்சப் பாதி எங்கே வரும், எப்போது வரும் என்று குறித்துவைத்துக்கொள். பக்கத்து வீட்டில் தோசை சாப்பிடாதே என்று நான் உன்னை வளர்த்தேன். அதுகூட அவ்வளவு முக்கியமில்லை. வேண்டுமானால் சாப்பிட்டுக்கொள், சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை என்று வேறு எழுதியிருக்கிறாய்.

இங்கே எழுந்து போய்க் காக்கை விரட்டிவிட்டு வந்தேன். உன் அப்பா வந்துவிட்டார். எழுதியதை எல்லாம் வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு, "எல்லாம் சரி. பய எதுக்கு வகுப்பு எடுக்கணும்னு ஆசைப்படுறான்?" என்று கேட்டார். அடுப்பில் பால் வைத்திருக்கிற மாதிரி எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ராசா, பஸ் ஜன்னலில் நீ குனிந்து ஆரம்பித்தாய். நான் ஒரே வார்த்தையில் முடித்துவைத்தேன். "சரிம்மா" என்று நீ நிமிர்ந்துகொண்டாயே, அதை இத்தனை நாளாக அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது வேப்பமரத்தடியில் கேட்ட குரலாகவே கேட்கிறது. மேலே எழுதியிருக்கிற காரணங்கள் எல்லாம் என்னுடையவை. ஒன்றுகூட உன்னுடையது இல்லை. உனக்கு ஏன் சொல்லிக் கொடுக்கவேண்டும் என்று தோன்றுகிறது? எப்போதிலிருந்து தோன்றுகிறது? கார்டில் எழுதாதே, இடம் பத்தாது. கவர் வாங்கி எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி, கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

அந்த "வேண்டாம்" வாபஸ். நீ ஆரம்பித்த இடத்திலிருந்து சொல்லு, அய்யா. கேட்கிறேன்.

அம்மா